கரண்டு கம்பம் காய்த்த வருஷம்

மல்லியம்பட்டி நடுத்தெருவில், பரமன் வீட்டு மாடியை உரசிக்கொண்டு நிற்கிற சிமெண்டுக் கரண்டு கம்பம் அந்த வருஷம் பங்குனியில் பூத்து, சித்திரையில் பிஞ்சு விட்டு, வைகாசி பிறக்கும்போது உச்சி முதல் இடுப்பு வரை கமலா ஆரஞ்சு காய்த்துக் குலுங்கியதை நம்ப மாட்டேன் என்கிறவர்கள் தாராளமாக நம்பாமல் இருந்துகொள்ளலாம். நம்பினாலும் நம்பாவிட்டாலும், பையில் நாலு பழத்தைத் திணிக்காமல் அந்தத் தெரு அப்போது எவரையும் வெளியே விட்டதில்லை. வேர் கிடையாது, மண் கிடையாது, தண்ணீர் ஊற்றின புண்ணியவானும் கிடையாது. கம்பியில் கரண்டு அது பாட்டுக்குப் போனது, கம்பத்தில் பழம் அது பாட்டுக்குப் பழுத்தது.

முதலில் லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்தார், கழுத்து நோகிற மட்டும் பார்த்துவிட்டு, "கம்பம் எங்களுது, காய் எங்களுது இல்ல" என்று சொல்லி நாலு பழத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விவசாய ஆபீசிலிருந்து வந்தவர், வேர் இல்லாததை மரம் என்று எழுத அரசாங்கத்தில் வழியில்லை என்று வருத்தப்பட்டார், அவருக்கும் நாலு பழம். காய் பச்சையாக இருந்தபோது ஒரு கட்சிக்காரர்கள் வந்து இது எங்கள் நிறம் என்று கொடி கட்டினார்கள், பழுத்ததும் இன்னொரு கட்சிக்காரர்கள் வந்து அந்தக் கொடியை அவிழ்த்துவிட்டுத் தங்கள் கொடியைக் கட்டினார்கள், அழுகினால் எந்தக் கட்சி வரும் என்று தெருவில் பந்தயம் கூட நடந்தது. சாமி விஷயத்தில் மட்டும் ஊர் தாமதிக்கவில்லை. கம்பத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, 'அபாயம்' என்று எழுதி மண்டையோடு போட்டிருந்த தகரப் பலகைக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, அந்த மண்டையோட்டிடம் பிள்ளை வரம் கேட்டவர்களும் உண்டு.

ஆனால் எந்த அதிசயமும் ஒரு வாரம்தான் அதிசயம், அப்புறம் அது வேலை. ஒரு பழம் பறித்தால் அந்த இடத்தில் ரெண்டு வந்தது. தெரு தின்று பார்த்தது, பிழிந்து குடித்துப் பார்த்தது, ரசம் வைத்துப் பார்த்தது, ரசம் பரவாயில்லை என்று துணிந்து சாம்பார் வைத்த வீட்டில் புருஷன் மூன்று வேளை வாய் திறக்கவில்லை. ஊறுகாய் போட்டார்கள், தோலைத் துவையல் அரைத்தார்கள், காயவைத்துப் பொடித்து முகத்தில் அப்பிக்கொண்டார்கள், மீதித் தோலில் குத்துவிளக்கு துலக்கினார்கள், டீக்கடையில் ஆரஞ்சு டீ போடுகிறேன் என்று பாலைத் திரியவைத்து அதற்கும் ஒரு பேர் வைத்து விற்றார்கள், ஆடுகள் தின்று தின்று பழத்தைக் கண்டாலே எதிர்த்தெருவுக்கு ஓடின, பையன்கள் பந்துக்குப் பதிலாக ஆரஞ்சை வீசிக் கிரிக்கெட் ஆடியதில் நல்ல அடி அடித்தவன் மேலெல்லாம் சாறு. மினி லாரியில் ஏற்றிப் பக்கத்து ஊர் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால், "கரண்டுல வெளஞ்சதை எவன்யா வாயில வைப்பான்? ஷாக்கடிச்சு ஒருத்தன் செத்தா நீயா வந்து பதில் சொல்லுவ?" என்று விரட்டிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் சுளை நாக்கில் பட்டால் லேசாக விர்ரென்றுதான் இருந்தது.

குப்பையில் கொட்டலாமே என்பீர்கள். மஞ்சள் துணி கட்டினதில் விளைந்ததைக் குப்பையில் கொட்ட எந்த வீட்டுப் பொம்பளைக்கு மனசு வரும்? பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், கொடுத்தார்கள். அங்கேதான் வந்தது வினை. நடுத்தெருவில் ஒரு பாத்திரம் நிறைந்து வந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது. குழம்பு வந்த கிண்ணத்தில் நாலு கத்திரிக்காயாவது போட்டுத்தான் திருப்ப வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும், வெறும் கிண்ணம் நீட்டினவளை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். எல்லா வீட்டிலும் இருந்தது ஆரஞ்சு. ஆகவே தூக்குவாளியில் போன ஆரஞ்சு வாளியில் திரும்பியது, வாளியில் வந்ததுக்கு மரியாதையாக அண்டாவில் போனது, அண்டாவில் போனது சாக்கில் வந்தது. தெரு முழுக்கப் பொம்பளைகள் ஒருத்தி வாசலில் ஒருத்தி ஆரஞ்சோடு நின்றுகொண்டு, "அய்யோ, எதுக்கு மதினி இவ்வளவு?" என்று ஒருத்தியை ஒருத்தி வயிற்றெரிச்சலோடு உபசரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சென்றாயன் ஆரஞ்சுத் தோலில் வழுக்கி விழுந்தான்.

சென்றாயன் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன், அம்பது தாண்டினவன், பரமனுக்குக் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் மூன்றே வீடுதான், ஆனால் பேச்சுவார்த்தை நின்று வருஷம் பல ஆகிவிட்டது. பரமன் மகள் கல்யாணத்தில், முதல் பந்தியில், இலை போட்டு, சோறு வைத்து, சாம்பாரும் ஊற்றி, சென்றாயன் பிசைந்துகொண்டிருக்கும்போது பரமன் வேர்த்து விறுவிறுத்து வந்து, "டேய், எந்திரி, சம்பந்தி ஆளுக நிக்கிறாக. நீ நம்ம வீட்டு ஆளுதானே, அப்புறம் தின்னுக்கிரலாம்" என்று சொல்லிவிட்டான். சொன்னவனுக்கு அது ஒரு வார்த்தை. சென்றாயன் பிசைந்த கையோடு எழுந்து, சாம்பார் வழிய வழிய நடந்தே வீட்டுக்கு வந்து கை கழுவினவன், அன்றைக்கு அண்ணனையும் சேர்த்துத்தான் கழுவினான். பிறகு நல்லது கெட்டதில் எதிரெதிரே பார்த்தாலும் ஒருத்தன் வானத்தைப் பார்ப்பான், ஒருத்தன் செருப்பைப் பார்ப்பான்.

கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல் விட்டுப்போய், பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் சென்றாயனைக் கிடத்தினார்கள். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரி ஒரு பை ஆரஞ்சோடு வந்து, "பாத்து நடக்கக் கூடாதாண்ணே?" என்று கட்டில் ஓரம் வைத்துவிட்டுப் போனாள். வாசல்படி தாண்டும்போது அவளுக்குப் பொறி தட்டியது. படுத்துக் கிடக்கிறவனுக்குக் கொடுத்த பழம் திரும்பி வராது! உலகத்தில் எந்த நோயாளியாவது பழப் பையைத் திருப்பி நிரப்பிக் கொடுத்தது உண்டா? அவள் வீட்டுக்குப் போவதற்குள் சேதி தெரு முழுக்கப் போய்விட்டது.

அடுத்த நாள் விடிந்தபோது வாசலில் வரிசை நின்றது. ஊரே ஒரு மனுஷனின் காலுக்காக அப்படி உருகினதை மல்லியம்பட்டி அதற்கு முன் கண்டதில்லை. பஞ்சர் ஒட்டும்போது பேரம் பேசித் திட்டிவிட்டுப் போனவர்கள்கூட இப்போது அண்ணே என்றும் மாமா என்றும் கூப்பிட்டுக்கொண்டு கூடையோடு வந்தார்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்க, அவசரமே படாதீங்க" என்று ஒவ்வொருவரும் நெஞ்சாரச் சொன்னார்கள். வாக்கிங் போகச் சொன்ன ஒரு கம்பவுண்டரைத் தெருக்காரர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள்.

சென்றாயன் பெண்டாட்டி பவுன்தாய்க்குத்தான் உயிர் போனது. வந்த பழத்தை அவள் என்ன செய்வாள்? அதிகாலையில் மூட்டை கட்டிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மெட்ராஸ் பஸ், பெங்களூர் பஸ் என்று தூரமாகப் போகிற பஸ்ஸாகப் பார்த்து சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இறங்கி வந்தாள். நாசமாய்ப் போன நேர்மை, யாரோ தவறவிட்ட மூட்டை என்று கண்டக்டர்கள் திரும்பி வரும்போது விசாரித்து விசாரித்து வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வேறு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஊரே வந்தது. வர வேண்டிய ஒரு ஆள் மட்டும் வரவில்லை.

படுத்த ஆளைப் பார்க்க வருவதற்கு அழைப்பு தேவையில்லை, சமாதானம் பேச ஆள் தேவையில்லை, எப்பேர்ப்பட்ட பகையாக இருந்தாலும் கால்மாட்டில் வந்து உட்கார்ந்து "இப்ப எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், யார் தோற்றார் யார் ஜெயித்தார் என்ற பேச்சே இல்லாமல் பகை தீர்ந்துபோகும். அந்தத் தெருவில் அண்ணன் தம்பிகளுக்கு அப்படி ஒரு வழி இருந்தது. சென்றாயனுக்கு அது தெரியும், பரமனுக்கும் தெரியும். எழுந்து நடந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும், அதை விட்டால் அடுத்தது சாவு வீடுதான், அங்கே யார் வந்தார்கள் என்று படுத்திருக்கிறவனுக்குத் தெரியப்போவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் சென்றாயன், அம்பது தாண்டின ஆம்பளை, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வான்.

பரமன் தினமும் காலையில் மொபெட்டில் அந்த வாசலைத் தாண்டித்தான் எங்கேயோ போவான், வெயில் ஏறின பிறகு திரும்பி வருவான். வண்டிச் சத்தம் கேட்டதும் சென்றாயன் தயாராகிவிடுவான். கட்டிலில் நெளிந்து, "அய்யோ அம்மா... தாங்க முடியலையே..." என்று ஒரு முனகல் முனகுவான். வண்டி வாசலுக்கு நேரே வரும்போது மெதுவாகும், மெதுவாகும், நின்றேவிடும் போலிருக்கும், அப்புறம் டர்ரென்று போய்விடும்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா அழு, கோட்டைச்சாமி கோயில் மைக் செட்டை வேணும்னா வாங்கியாரேன்" என்பாள் பவுன்தாய்.

ஆடி பாதியில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்றார் டாக்டர். சென்றாயன் இருட்டின பிறகு ஆட்டோவை வாசலை ஒட்டி நிறுத்தச் சொல்லி, போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்து, வெள்ளைத் துணியைச் சுண்ணாம்பில் நனைத்து மறுபடியும் காலில் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டான்.

பவுன்தாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "காலுதான் சரியாயிருச்சுல்ல? எந்திரிச்சுக் கடையைத் தொறய்யா."

"தொறப்போம்."

"எப்ப?"

"ஒரு ஆளு இன்னும் வரல."

"நேராப் போயி அண்ணேன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா வாய் வெந்தா போகும்?"

"நான் எதுக்குப் போகணும்? எலையில உக்காந்தவன் நான். எழுப்பிவிட்டவரு அவரு."

"நல்லா இருங்கடா ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு அவள் ஆரஞ்சு மூட்டை கட்டப் போய்விட்டாள்.

ஆவணியில் பரமன் பெண்டாட்டி ஜெயக்கொடி, மகள் பிரசவத்துக்காகத் திருப்பூருக்குப் போனாள். அவள் இருந்தவரை மாடியில் விழுகிற பழத்தை அள்ளி அள்ளித் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போனதும் வீட்டில் பழம் தங்கிப்போனது. பரமன் வாளி தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போகிற ஆளா? மாடியில் விழுந்தது மாடியில் கிடந்தது, மாடி நிறைந்ததும் படியில் இறங்கியது, படி நிறைந்ததும் அறைக்குள் வந்தது. கம்பமோ, அள்ளுகிற கை போனதும் கோபம் வந்த மாதிரி முன்னைவிட ரெட்டிப்பாகக் காய்த்துக் கொட்டியது.

ஒருநாள் காலையில் மொபெட் சத்தம் கேட்கவில்லை. சென்றாயன் முனகலைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான். தெருவில் கூச்சல்தான் கேட்டது. பரமன் வீட்டு மாடிக் கதவு பிய்த்துக்கொண்டு, அத்தனை பழமும் திமுதிமுவென்று முன்னறையில் இறங்கிவிட்டதாம், பரமன் நெஞ்சுவரைக்கும் பழத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறானாம், வாசல் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு, பழம் முட்டிக்கொண்டு இம்மி நகரவில்லையாம். சந்துப் பக்கம் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை மட்டும் வெளியே வருதாம்.

"கையால எடுத்து எடுத்து வெளிய கொடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினாள் பவுன்தாய்.

"கொடுக்கத்தான் செய்றாரு. யாரு வாங்குறது?" என்றார் வாசலுக்கு ஓடி வந்த தெருத் தலைவர் துரைப்பாண்டி. "வாங்கினா திருப்பித் தரணும்ல? அவரு வீட்டுல வைக்க இடம் எங்க இருக்கு? திருப்பித் தராம விட்டா நாளைக்கு அந்தம்மா திருப்பூர்லருந்து வந்து நாக்கைப் பிடுங்குற மாதிரி கேக்காதா?"

தெருவே நின்று இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்ததாம். உள்ளே ஒரு மனுஷன் மூச்சு முட்டிக்கொண்டிருக்க, வெளியே மரியாதை நின்று பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் துரைப்பாண்டியே ஒரு வழி கண்டுபிடித்துத்தான் ஓடி வந்திருந்தார். வாங்கினதைத் திருப்பித் தர வேண்டாத ஆள் ஊரில் ஒரே ஒருத்தன்தான். "தம்பி, கொஞ்சம் சிரமம் பாக்காம நீதான் வாங்கணும். நீ அசையவே வேணாம், நாங்க கட்டிலோட தூக்கிட்டுப் போறோம்."

சென்றாயன் வாய் திறப்பதற்குள் நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்து, சாமி புறப்பாடு மாதிரி கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். "மெதுவா, கால் பத்திரம், கால் பத்திரம்" என்று ஒருத்தர் முன்னால் கூவிக்கொண்டு போனார். வழியெல்லாம் வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா, நோயாளி வாசலைக் கடக்கிறாரே என்று ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சைக் கட்டிலில் போட்டார்கள், கட்டில் கனத்தது, தூக்கினவர்கள் தோள் மாற்றினார்கள், மூன்று வீட்டைக் கடக்க மூன்று ஊரைக் கடக்கிற நேரம் ஆனது. சந்து முனையில் கட்டில் குறுக்கே சிக்கிக்கொண்டது, கீழே இறக்கிவைத்தார்கள். நேராகத் திருப்பு என்றார் ஒருத்தர், சாய்த்துக் கொண்டுபோ என்றார் ஒருத்தர், சாய்த்தால் நோயாளி விழுவார் என்றார் ஒருத்தர்.

ஜன்னலிலிருந்து அதுவரை "போங்கடா, வாங்கடா" என்று வைதுகொண்டிருந்த குரல் நின்றது. வெளியே நீட்டியிருந்த கையில் ஒரு ஆரஞ்சு இருந்தது. அதுவும் நழுவிச் சந்தில் உருண்டது. கை அப்படியே தொங்கியது.

சென்றாயன் கட்டிலிலிருந்து குதித்தான்.

குதித்து, சுண்ணாம்புத் துணி பின்னால் வால் மாதிரி இழுபட, சந்துக்குள் ஓடினான். "அடப்பாவி, நடக்கிறான்டா!" என்று ஒரு குரல். "நடக்கிறானா? ஓடுறான்!" என்று இன்னொரு குரல். "அப்ப நாங்க கொடுத்த பழமெல்லாம்? பாத்திரம் பாத்திரமா கொடுத்தோமே, திருப்பித் தருவானா மாட்டானா?" என்று துரைப்பாண்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். சென்றாயன் காதில் எதுவும் விழவில்லை. தொங்கின கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணே! அண்ணே!" என்று கத்தினான். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

கை லேசாக அசைந்தது. ஜன்னலுக்குள் ஆரஞ்சுகளுக்கு நடுவே பரமன் முகம் மட்டும் தெரிந்தது, வெளிறிப்போய், வேர்த்துப்போய்.

"மூச்சு வாங்குதுடா" என்றான்.

"கொடுண்ணே. கிட்ட இருக்குறதைக் கொடு. ஒண்ணொண்ணாக் கொடு."

பரமன் ஒரு ஆரஞ்சை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினான். சென்றாயன் வாங்கிப் பின்னால் எறிந்தான். "எறியாதய்யா, மஞ்சத் துணியில வெளஞ்சது" என்று யாரோ சொல்ல, பவுன்தாய் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு உசுரு உள்ள துடிக்குது, மஞ்சத் துணியாம் மஞ்சத் துணி! வந்து வாங்குங்கடா!" அவள் போட்ட சத்தத்தில் தெரு நகர்ந்தது. ஒரு ஆள் பின்னால் ஒரு ஆளாகச் சந்து நெடுக நின்று, கை மாற்றிக் கை மாற்றி, யார் யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கணக்கையெல்லாம் மறந்து, ஆரஞ்சு வெளியே போக ஆரம்பித்தது.

பழம் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கினதும் பரமனுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பேச்சு வந்தது.

"காலு எப்படா சரியாச்சு?"

"ஆடியிலயே."

"அப்புறம் ஏன் படுத்துக் கெடந்த?"

சென்றாயன் வாங்கின ஆரஞ்சைப் பின்னால் கொடுத்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீ பாக்க வருவேன்னு."

உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் பழம் வரவில்லை.

"ஊரே ஆரஞ்சு கொண்டு வந்துச்சு" என்றான் பரமன், "கூடப்பிறந்தவன், நானும் அதையே தூக்கிட்டு வர்றதா? ஆகாத ஆளு கொடுக்குறதை அண்ணனும் கொடுத்தா அண்ணனுக்கு என்னடா மருவாதி? ஆப்பிள் வாங்குவோம்னு நெனச்சேன். இந்த ஊர்ல எவன் பழக்கடை தொறந்து வச்சிருக்கான்? தெனம் காலையில பெரியகுளம் வரைக்கும் வண்டியில போயி வாங்கிட்டு வருவேன். உன் வாசல்ல வந்து பாத்தா ஒரு கூட்டம் உக்காந்திருக்கும். வந்துட்டாருடா பெரிய மனுசன்னு நாளைக்குப் பேசுவானுக. அப்படியே வீட்டுக்குக் கொண்டு போயிருவேன். மறுநாள் புதுசா வாங்குவேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான். நீ அம்மா அம்மான்னு கத்துறது வேற கேக்கும். குலையே நடுங்கும்டா எனக்கு."

சென்றாயனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது, சிரிப்பு, அழுகை, அத்தனை நாள் முனகின வெட்கம். "பந்தியில எழுப்பிவிட்டயேண்ணே" என்றான், சின்னப் பையன் மாதிரி.

"எழுப்பினேன்டா. வேற யாரை எழுப்ப முடியும்? வேற எவனை எழுப்பினாலும் கோவிச்சுக்கிட்டுப் போயிருவான்னு பயம். நீ போகமாட்டேன்னு நெனச்சேன். தப்புதான்."

சந்தில் பின்னால் நின்றவர்கள், "என்னப்பா, பழம் வரல, கை காலியா நிக்குது" என்று குரல் கொடுத்தார்கள். பவுன்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சும்மா இருங்கடா என்று கையை ஆட்டினாள்.

பரமன் குனிந்து, ஆரஞ்சுக்குள் தோள்வரை கையை விட்டு, அடியில் எதையோ துழாவினான். கை வெளியே வந்தபோது அதில் ஒரு ஆப்பிள் இருந்தது, சுருங்கி, ஒரு பக்கம் கறுத்து, அமுங்கி. அதைச் சட்டையில் ரெண்டு தேய்ப்புத் தேய்த்து, அழுகாத பக்கத்தைத் தம்பிக்கு நேரே திருப்பி, கம்பி வழியாக நீட்டினான்.

"வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

சென்றாயன் வாங்கினான். பின்னால் கொடுக்கவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நல்ல பக்கம் பார்த்து ஒரு கடி கடித்தான், கண்ணில் தண்ணீர் வழிய வழிய மென்று விழுங்கினான்.

"எப்படி இருக்கு?" என்றான் பரமன்.

"இனிப்பாத்தான் இருக்கு."

"கையை நீட்டு. அடியில இன்னும் கெடக்கு."